விளைந்ததும் விற்கும் வீடு

அமெரிக்க பேஸ்பாலில் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு குழுவின் ரசிகரிடம் நேற்றைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார். மைனர் லீகில் யார் வளர்ந்து வருகிறார்கள் என்று கேட்டால் நேரம் போவதே தெரியாமல் பேசுவார். பதினெட்டு வயது ஷார்ட்ஸ்டாப்பின் கைவேகம், இன்னும் முழு சீசன் வீசாத பிட்சரின் தோள்வலு, இவர்கள் எல்லாரும் எந்த ஆண்டில் ஒன்றாக மேலே வந்து சேர்வார்கள் என்ற கணக்கு என அவரிடம் ஒரு பட்டியல் எப்போதும் தயாராக இருக்கும். இருக்கிற நல்ல ஆட்டக்காரர்களைக் கொடுத்துவிட்டு, சில ஆண்டுகள் தோற்று, இளைஞர்களை வைத்துப் புதிதாக ஒரு குழுவை எழுப்பும் இந்த வழக்கத்தை அங்கே மறுகட்டுமானம் என்கிறார்கள். கணினியும் புள்ளிவிவர நிபுணர்களும் வந்த பிறகு பிறந்த உத்தி என்று பலரும் இதை நினைக்கிறார்கள். இதற்கு நூறு வயது தாண்டிவிட்டது. அதன் முழு வரலாற்றையும் ஒரே குழுவின் கதையில் படிக்கலாம். 1901இல் பிலடெல்ஃபியாவில் தொடங்கி, 1955இல் கேன்சஸ் சிட்டிக்கும் 1968இல் ஓக்லாந்துக்கும் குடிபெயர்ந்து, 2025 முதல் சாக்ரமென்டோ அருகில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அத்லெடிக்ஸ் தான் அந்தக் குழு. அதன் கதை சொல்வது இதுதான்: திறமைசாலிகளை உருவாக்குவதில் இந்தக் குழு எந்தக் காலத்திலும் தோற்றதில்லை, உருவானவர்களை வைத்துக்கொள்வதில்தான் தோற்றது. ஆகவே மறுகட்டுமானம் செய்யும் குழுவை எடைபோட வளரும் வீரர்களின் பட்டியல் மட்டும் போதாது. அவர்கள் முதிரும் ஆண்டில் முதலாளி என்ன செய்வார் என்ற கேள்விதான் எடைக்கல்.

முதல் முதலாளியிலிருந்தே தொடங்கலாம். கானி மேக் 1901 முதல் 1950 வரை ஐம்பது ஆண்டுகள் இந்தக் குழுவின் மேலாளர், அதோடு உரிமையாளர்களில் ஒருவர். சீருடை போடாமல் கோட்டும் டையுமாக பெஞ்சில் உட்கார்ந்து, கையிலிருக்கும் ஸ்கோர் அட்டையை ஆட்டி ஆட்டி ஃபீல்டர்களை நகர்த்தும் மனிதர். 1910, 1911, 1913 என மூன்று முறை வேர்ல்ட் சீரிஸை வென்றார். ஸ்டஃபி மெக்கினிஸ், எடி காலின்ஸ், ஜாக் பேரி, ஃபிராங்க் பேக்கர் ஆகிய நால்வரையும் ‘லட்சம் டாலர் இன்ஃபீல்டு’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. 1914இல் 99 ஆட்டங்களை வென்று இறுதிக்குப் போன குழு, பாஸ்டன் பிரேவ்ஸிடம் நாலுக்கு நாலும் தோற்றது. அந்தக் குளிர்காலத்திலேயே கலைப்பு தொடங்கியது. அமெரிக்கன் லீகின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வாகியிருந்த காலின்ஸை சிகாகோ வைட் சாக்ஸ் 50,000 டாலருக்கு வாங்கியது. பிட்சர்கள் சீஃப் பெண்டரும் எடி பிளாங்கும் புதிதாக முளைத்த ஃபெடரல் லீகுக்குப் போனார்கள். சம்பளத் தகராறில் பேக்கர் 1915 முழுவதும் ஆட வரவில்லை. பேரி பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் போனார்.

விளைவு உடனே தெரிந்தது. 1915இல் 109 தோல்விகள், 1916இல் 36 வெற்றிக்கு 117 தோல்விகள். 1900க்குப் பிறகு எந்த மேஜர் லீக் குழுவும் இதைவிடக் குறைந்த வெற்றி விகிதத்தில் சீசனை முடித்ததில்லை. அந்த 1916 பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். எட்டுக் குழுக்கள் கொண்ட லீகில் ஏழாவதாக வந்த வாஷிங்டன் 76 வென்று 77 தோற்றது. அதாவது ஏழு குழுக்கள் ஏறக்குறைய சமபலத்தில் மோதிக்கொண்டிருக்க, நாற்பது ஆட்டங்கள் கீழே அத்லெடிக்ஸ் தனியாகக் கிடந்தது. ஜாக் நேபர்ஸ் என்ற பிட்சர் அந்த ஆண்டு ஒரு வெற்றி, இருபது தோல்வி என்று முடித்தார். இருபதில் பத்தொன்பது தொடர்ச்சியாக வந்தவை. அன்று லீகே இவர்களை அடித்துப் பழகும் சுவராக வைத்திருந்தது என்றால் மிகையில்லை. 1915 முதல் 1921 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கடைசி இடம்.

மேக்குக்கு வேறு வழியில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. ஃபெடரல் லீக் ஆட்டக்காரர்களுக்கு இரட்டைச் சம்பளம் காட்டி இழுத்தது, 1914இல் சாம்பியன் குழுவைப் பார்க்கவே பிலடெல்ஃபியாவில் கூட்டம் குறைந்திருந்தது, கையில் காசில்லாதவர் என்ன செய்வார் என்பது அவர்கள் தரப்பு. இதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் ஃபெடரல் லீகின் நெருக்கடி எல்லா முதலாளிகளுக்கும் பொதுவானது. காலின்ஸை வாங்கிய சிகாகோ 1917இல் வேர்ல்ட் சீரிஸ் வென்றது, பேரி போய்ச் சேர்ந்த பாஸ்டன் 1915லேயே வென்றது. நெருக்கடியில் விற்றவர் ஒருவர், அதே நெருக்கடியில் வாங்கியவர்கள் இருவர். இன்னொரு சான்றும் உண்டு. 21 வயது இடதுகைப் பிட்சர் ஹெர்ப் பென்னாக்கையும் மேக் 1915இல் கைவிட்டார். பென்னாக் விலையுயர்ந்த நட்சத்திரம் அல்லர், மறுகட்டுமானத்துக்கு வேண்டிய இளைஞரே அவர்தான். பின்னாளில் யாங்கீஸுக்காக வீசி ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். அப்படியானால் அன்று நடந்தது திட்டமிட்ட கட்டுமானம் அல்ல, வீட்டைக் காலி செய்யும் அவசரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் அந்த மனிதரின் கண் கூர்மையானது என்பதை மறுக்க முடியாது. 1920களில் அல் சிம்மன்ஸ், மிக்கி காக்ரேன், பதின்வயது ஜிம்மி ஃபாக்ஸ் என ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார். பால்டிமோர் ஓரியோல்ஸ் முதலாளி ஜாக் டன்னிடமிருந்து லெஃப்டி குரோவை 1,00,600 டாலர் கொடுத்து வாங்கினார். அந்தக் கடைசி 600, பேப் ரூத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையைத் தாண்டிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளத்தான் என்று சொல்வார்கள். 1929இல் 104, 1930இல் 102, 1931இல் 107 வெற்றிகள். மூன்று முறை லீக் பட்டம், முதல் இரண்டு ஆண்டுகளில் வேர்ல்ட் சீரிஸ். ரூத்தும் கெரிக்கும் ஆடிய யாங்கீஸை மூன்றாண்டுகள் பின்னுக்குத் தள்ளிய இந்தக் குழுவை, எக்காலத்துக்குமான சிறந்த குழுக்களில் ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயம்தான். பதினைந்து ஆண்டு வறட்சிக்குக் கிடைத்த பலன் அது. அதை அவர் எத்தனை ஆண்டு அனுபவித்தார்? 1932 செப்டம்பரில் சிம்மன்ஸும் வேறு இருவரும் சிகாகோவுக்கு 1,00,000 டாலருக்குப் போனார்கள். 1933 டிசம்பரில் குரோவ் பாஸ்டனுக்கும் காக்ரேன் டெட்ராய்ட்டுக்கும் போனார்கள். 1932இல் 58 ஹோம் ரன் அடித்திருந்த ஃபாக்ஸ் 1935 முடிவில் பாஸ்டனுக்குப் போனார். பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம் அது. பிலடெல்ஃபியாவில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு 1934 வரை சட்டத்தில் இடமில்லை என்பதால் வாரத்தின் நல்ல வசூல் நாளும் கிடையாது. இந்தச் சுமைகள் உண்மையானவை. ஆனால் காக்ரேனை வாங்கிய டெட்ராய்ட், மந்தத்தால் மற்ற நகரங்களைவிட மோசமாக அடிபட்ட ஊர். அவரை ஆடும் மேலாளராக்கி அது 1934இல் லீக் பட்டத்தையும் 1935இல் வேர்ல்ட் சீரிஸையும் வென்றது. அதே 1935இல் மேக் ஒரு காரியம் செய்தார். ஷைப் பார்க் மைதானத்துக்கு எதிர்வரிசை வீடுகளின் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவர்களின் கண்ணை மறைக்க, வலது ஃபீல்டுச் சுவரை உயர்த்தித் தகர வேலி போட்டார். கடைசி இடத்துக்குப் போன குழுவை யாரும் இலவசமாகப் பார்த்துவிடக் கூடாதாம்! அதன் பிறகு பிலடெல்ஃபியாவில் இருந்தவரை அந்தக் குழு இன்னொரு பட்டம் வெல்லவில்லை.

கேன்சஸ் சிட்டியில் கழிந்த 13 சீசன்களில் ஒன்றில்கூட வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் யாங்கீஸுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். 1959 டிசம்பரில் போன ரோஜர் மேரிஸ், 1961இல் 61 ஹோம் ரன் அடித்து ரூத்தின் சாதனையை முறியடித்தார். ஆனால் இந்த ஊரில் இருந்தபோதுதான் மறுகட்டுமானத்தின் பொருளே மாறியது. அதுவரை பள்ளி, கல்லூரி இளைஞர்களை யார் அதிகப் பணம் கொடுக்கிறார்களோ அவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். 1965 ஜூனில் டிராஃப்ட் முறை வந்தது. முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய குழுவுக்கு முதல் தேர்வு, நன்றாக ஆடியவருக்குக் கடைசித் தேர்வு. 1964இல் 105 ஆட்டங்கள் தோற்றிருந்த அத்லெடிக்ஸுக்கே வரலாற்றின் முதல் தேர்வு கிடைத்தது. ரிக் மண்டேயை எடுத்தார்கள். அதே ஆண்டு பிந்தைய சுற்றுகளில் சால் பாண்டோவும் ஜீன் டெனஸும் கிடைத்தார்கள். 1966இல் முதல் தேர்வு வைத்திருந்த நியூயார்க் மெட்ஸ், மேஜர் லீகில் ஒரு ஆட்டமும் ஆடாமலே ஓய்ந்துபோன ஒரு கேட்சரை எடுத்தது. இரண்டாவதாக அத்லெடிக்ஸ் எடுத்தவர் ரெஜி ஜாக்சன். 1967இல் வைடா புளூ. டிராஃப்டுக்கு முன்பே சேர்த்திருந்த கேட்ஃபிஷ் ஹண்டர், ரோலி ஃபிங்கர்ஸ், ஜோ ருடி, பெர்ட் காம்பனெரிஸ் ஆகியோரோடு இவர்களும் சேர்ந்தபோது குழு ஓக்லாந்துக்கு வந்துவிட்டது. 1972, 73, 74 என மூன்று ஆண்டும் வேர்ல்ட் சீரிஸ் அவர்களுக்கே. பொறுமையாகக் கட்டினால் பலன் வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்தப் பலனை முதலாளி சார்லஸ் ஃபின்லி எப்படி இழந்தார் என்பதும் அதே அளவு நல்ல சாட்சி. ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய காப்பீட்டுத் தவணையைக் கட்டத் தவறியதால், 1974 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் ஹண்டரைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தார். அவர் யாங்கீஸுக்குப் போனார். ஓராண்டு கழித்து அதே சைட்ஸ் வேறொரு வழக்கில் தந்த தீர்ப்பு, ஆட்டக்காரரை ஆயுள் முழுதும் ஒரே குழுவோடு கட்டிவைத்த பழைய விதியையே தகர்த்தது. மேக் காலத்தில் விற்பதா வேண்டாமா என்பது முதலாளியின் விருப்பம் மட்டுமே. இப்போது சம்பளம் தராவிட்டால் விற்காமலே பறிபோகும். ஜாக்சனை 1976 ஏப்ரலில் பால்டிமோருக்கு மாற்றிய ஃபின்லி, ஜூனில் ருடி, ஃபிங்கர்ஸ் இருவரையும் தலா 10 லட்சம் டாலருக்கு பாஸ்டனுக்கும், புளூவை 15 லட்சத்துக்கு யாங்கீஸுக்கும் விற்றார். பேஸ்பாலின் நலனுக்கு விரோதம் என்று ஆணையர் போவி கூன் மூன்று விற்பனைகளையும் ரத்து செய்தார். மேக் செய்ததைத்தானே நானும் செய்கிறேன் என்று ஃபின்லி கேட்டிருந்தால், அந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால் ரத்தானதால் அதிகம் மிஞ்சவில்லை. சீசன் முடிந்ததும் பாண்டோ, காம்பனெரிஸ், ஃபிங்கர்ஸ், ருடி, டெனஸ் எல்லாரும் ஒரு பைசா தராமல் கிளம்பிவிட்டார்கள். 1977இல் அந்த ஆண்டுதான் பிறந்த சியாட்டில் மெரினர்ஸுக்கும் கீழே அத்லெடிக்ஸ் முடித்தது. 1979இல் 108 தோல்விகள். ஏப்ரல் 17 அன்று சியாட்டிலுடன் நடந்த ஆட்டத்துக்கு விற்ற டிக்கெட் 653.

சிறிய ஊர், சிறிய சந்தை, வைத்துக்கொள்ள வசதியில்லை என்ற மறுப்பு இங்கேதான் வலுவாக எழும். அதற்குப் பதிலும் ஓக்லாந்திலேயே இருக்கிறது. 1980இல் லீவைஸ் ஜீன்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த வால்டர் ஹாஸ் குழுவை வாங்கினார். ஊர்ப்பிள்ளை ரிக்கி ஹெண்டர்சன், டிராஃப்டில் வந்த மார்க் மெக்வயர், பதினைந்தாம் சுற்றில் கிடைத்த ஹோசே கன்செக்கோ என வளர்ப்பது பழையபடியே நடந்தது. மாறியது வளர்ந்த பிறகு நடந்ததுதான். யாங்கீஸுக்குப் போன ஹெண்டர்சன் 1989இல் திரும்பக் கொண்டுவரப்பட்டார். பெரிய சம்பளங்கள் தயங்காமல் தரப்பட்டன. 1988 முதல் 90 வரை தொடர்ந்து லீக் பட்டம், 1989இல் வேர்ல்ட் சீரிஸ். 653 டிக்கெட் விற்ற அதே அரங்குக்கு 1990இல் ஏறத்தாழ 29 லட்சம் பேர் வந்தார்கள். ஊரும் மைதானமும் அவையேதான், முதலாளி மட்டும்தான் வேறு. ஹாஸ் இதில் லாபம் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த ஊரால் முடியாது என்ற பேச்சு அத்தோடு அடிபட்டுப் போனது.

‘மனிபால்’ புத்தகத்தாலும் படத்தாலும் புகழ்பெற்ற பொது மேலாளர் பில்லி பீனின் காலத்தை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 2002இல் 103 வெற்றிகள். ஜியாம்பி, டெஹாடா, ஹட்சன், முல்டர், ஸீட்டோ என எல்லாரும் ஆறு ஆண்டுகளுக்குள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். குறைந்த காசில் நிறைய வெல்லும் கெட்டிக்காரத்தனமாக உலகம் இதைக் கொண்டாடியது. முதலாளிகளுக்கு அது குறைந்த காசே போதும் என்ற சான்றிதழாகப் பயன்பட்டது. இது என் அபிப்பிராயம்தான், ஆனால் அடுத்து வந்த இருபது ஆண்டுகள் இதை மறுக்கவில்லை.

வேண்டுமென்றே தோற்பது பலன் தரும் என்பதற்கு இன்று எல்லாரும் காட்டும் உதாரணம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். 2011 முதல் 2013 வரை 106, 107, 111 தோல்விகள். 2017இல் வேர்ல்ட் சீரிஸ். அமெரிக்க லீகுகளில் கால்பந்தைப் போலக் கடைசி இடத்துக்குக் கீழ்ப்பிரிவு தண்டனை இல்லை, டிராஃப்டில் பரிசுதான் உண்டு. எனவே கணக்கு சரிபோலத் தெரியும். ஆனால் அந்தத் தோல்விகள் வாங்கித் தந்த முதல் தேர்வுகளில் கார்லோஸ் கொரேயா ஒருவர்தான் கைகொடுத்தார். 2013இன் முதல் தேர்வு மார்க் அப்பெல் ஹூஸ்டனுக்காக ஒரு ஆட்டமும் ஆடவில்லை. 2014இன் பிராடி எய்க்கன் ஒப்பந்தமே செய்யவில்லை, அதற்கு ஈடாகக் கிடைத்த தேர்வில்தான் பிரெக்மன் வந்தார். குழுவின் உயிரான ஹோசே அல்டூவே, கலைப்புக்கு வெகுமுன்பே வெனிசுவேலாவிலிருந்து சொற்பத் தொகைக்குச் சேர்ந்தவர். 2017 ஆகஸ்ட் கடைசி நாளில் ஜஸ்டின் வெர்லாண்டரின் பெரும் சம்பளத்தைச் சுமக்க முதலாளி சம்மதித்ததும் அந்தப் பட்டத்தின் கதையில் பெரிய பங்கு. எதிரணியின் சைகைகளை கேமரா வைத்துத் திருடிய விவகாரம் வேறு அதன் மேல் படிந்திருக்கிறது. எப்படிக் கூட்டினாலும், தோல்வி மட்டுமே வாங்கித் தந்த பட்டமாக அது தேறாது.

இந்தக் கண்ணோடு இன்றைய அத்லெடிக்ஸைப் பார்க்கலாம். 2022 மார்ச்சில் சில நாட்களுக்குள் பாஸிட், மேட் ஓல்சன், மேட் சாப்மன் மூவரும் போனார்கள். தொடர்ந்து மனாயா, மோன்டாஸ், ஷான் மர்ஃபி. ஓல்சன் அட்லாண்டாவுக்காக 2023இல் 54 ஹோம் ரன் அடித்தார். அதே ஆண்டு அத்லெடிக்ஸ் 112 ஆட்டங்கள் தோற்றது. இத்தனை பேருக்கும் பதிலாக வந்த கூட்டத்தில் இன்று குழுவின் தூணாக நிற்பவர் கேட்சர் ஷே லாங்கலியர்ஸ் ஒருவர்தான். மற்ற தூண்கள் எங்கிருந்து வந்தன? டைலர் சோடர்ஸ்ட்ரம் 2020 டிராஃப்டில் 26ஆவது தேர்வு. லாரன்ஸ் பட்லர் 2018இல் ஆறாம் சுற்று. இருவரும் கலைப்புக்கு முன்பே இருந்தவர்கள். பிரெண்ட் ரூக்கர் 2022 நவம்பரில் கேன்சஸ் சிட்டி வேண்டாமென்று விட்டவர், 2024இல் 39 ஹோம் ரன் அடித்தார். சுவையான செய்தி இனிமேல்தான். கடைசியில் வந்தவருக்கே முதல் தேர்வு என்ற முறையை மாற்றி, 2022 டிசம்பர் முதல் டிராஃப்ட் வரிசையைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். 102 தோல்விக்குப் பின் அத்லெடிக்ஸுக்கு விழுந்தது ஆறாவது இடம். அதில் ஜேக்கப் வில்சன் கிடைத்தார். 112 தோல்விக்குப் பின் விழுந்தது நான்காவது இடம். முதல் இடத்தை வெறும் 2 சதவீத வாய்ப்பு வைத்திருந்த கிளீவ்லாந்து கொண்டுபோனது. அந்த நான்காவது தேர்வுதான் நிக் கர்ட்ஸ். 2025 ஜூலை 25 அன்று ஹூஸ்டனில் ஆறு முறை அடிக்க வந்து ஆறு முறையும் ஹிட், அதில் நான்கு ஹோம் ரன். அறிமுக ஆண்டில் இருப்பவர் எவரும் அதற்கு முன் ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்ததில்லை. ஆண்டு முடிவில் 36 ஹோம் ரன்னோடு சிறந்த புதுமுக விருது. அதே வாக்கெடுப்பில் இரண்டாவது வில்சன். அத்தனை தோற்றதற்குக் கிடைத்த பரிசு என்று இவர்களைச் சொல்லவே முடியாது. ஆறாவது, நான்காவது இடங்கள் சுமாராகத் தோற்கும் குழுவுக்கும் கிடைப்பவை. தேர்ந்தெடுத்தவர்களின் கண்தான் இங்கே வேலை செய்தது, மேக் காலத்து அதே கண்.

மேசன் மில்லரைக் கொடுத்ததும் பழைய வழக்கம்தானே என்று கேட்கலாம். 2025 ஜூலை 31 அன்று, மணிக்கு நூறு மைலுக்கு மேல் வீசும் அந்த ரிலீவரை சான் டியகோவுக்கு அனுப்பி, லியோ டி வ்ரீஸ் என்ற பதினெட்டு வயது ஷார்ட்ஸ்டாப்பையும் மூன்று பிட்சர்களையும் வாங்கினார்கள். இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆட்டத்துக்கு ஒரு இன்னிங்ஸ் வீசுபவரைவிட அன்றாடம் ஆடக்கூடிய ஷார்ட்ஸ்டாப் பெரிய சொத்து, ரிலீவர்களின் தோள் எப்போது நோகும் என்று யாருக்கும் தெரியாது. ஆளைக் கொடுப்பது தன்னளவில் குற்றமல்ல. எதற்காகக் கொடுத்தார்கள் என்பதே வேறுபாடு. நல்ல அறிகுறிகளும் இருக்கின்றன. 2025 தொடக்கத்தில் ரூக்கருக்கு ஐந்தாண்டுக்கு 6 கோடி டாலர், பட்லருக்கு ஏழாண்டுக்கு 6.55 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். வருவாய்ப் பகிர்வில் வாங்கும் பணத்தைச் செலவிடாவிட்டால் ஆட்டக்காரர் சங்கம் முறையிடும் என்ற நெருக்கடியும் அதில் உண்டு என்று பேசப்பட்டது. காரணம் எதுவானாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். 2025இல் 76 வெற்றி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ரசிகர்களின் பொறுமை என்ற செலவை மட்டும் எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை. 2023 ஜூன் 13 அன்று, கூட்டமில்லை என்று காரணம் காட்டும் முதலாளி ஜான் ஃபிஷருக்குப் பதில் சொல்ல ஓக்லாந்து ரசிகர்கள் 27,759 பேர் அரங்குக்கு வந்து, விற்றுவிட்டுப் போ என்று முழங்கினார்கள். குழு அன்று 2–1 என்று வென்றது. அதே நாளில்தான் நெவாடா மேலவை, குழு குடிபெயரவிருக்கும் லாஸ் வேகஸ் மைதானத்துக்குப் பொதுப்பணம் ஒதுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாந்தில் கடைசி ஆட்டத்தைப் பார்க்க 46,889 பேர் வந்தார்கள். கர்ட்ஸும் வில்சனும் விளையாடுவதை மைனர் லீகுக்காகக் கட்டிய, ஏறக்குறைய 14,000 பேர் கொள்ளும் அரங்கில் வேறொரு ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. குழுவும் தன் பெயரில் எந்த ஊரையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆகவே வளரும் வீரர்களின் பட்டியல் போடும் ரசிகர்கள் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயதோடு ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் எழுதிக்கொள்ளட்டும். லாஸ் வேகஸ் அரங்கம் 2028இல் திறக்கும் என்கிறார்கள். நீண்டகால ஒப்பந்தம் எதுவும் போடாவிட்டால், 2030 சீசன் முடிந்ததும் நிக் கர்ட்ஸ் எந்தக் குழுவுக்கும் போகலாம்.